ஆங்கில 'ஐ'யும் தமிழ் 'ஐ'யும்

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் பத்தாவது மாடியில் இருக்கும் சிறுமி தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். சனிக்கிழமை மாலைகளில் தமிழ் வீட்டுப்பாடத்தையும் ஆங்கில வீட்டுப்பாடத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஒருநாள் அவளுடைய ஆங்கிலப் பயிற்சித்தாளில் 'தி டீச்சர் கால்ட் ஐ' என்று இருந்தது. ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார் என்பதுதான் அவள் சொல்ல வந்தது. 'ஐ'யை அடித்துவிட்டு 'மீ' என்று எழுதினேன். அவள் விடவில்லை.

"அங்கிள், 'ஐ' என்பது இரண்டாம் வேற்றுமை உருபு. 'யாரை' என்று கேட்டால் வருவது. இந்த வாரம்தான் தமிழ் வகுப்பில் படித்தோம். அப்படியென்றால் இங்கே 'ஐ' தானே வர வேண்டும்?"

சிரித்து முடித்தபிறகுதான் அவள் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறாள் என்பது உறைத்தது. விடைதான் தவறு. கேட்ட கேள்வி மிகச் சரி. தமிழில் 'ஐ' என்ற ஒலி, செயலுக்கு ஆளானவர்மேல் ஒட்டும் உருபு: என்னை, உன்னை, அவனை. ஆங்கிலத்தில் அதே ஒலி, செயலைச் செய்பவரைக் குறிக்கும் சொல். ஒலி ஒன்றாக இருப்பது வெறும் தற்செயல். ஆனால் 'யார்?' என்றும் 'யாரை?' என்றும் கேட்டுப் பார்க்கும் பழக்கம் இருக்கிறதே, ஆங்கிலத்தில் 'ஐ'யா 'மீ'யா, 'ஹி'யா 'ஹிம்'மா என்று முடிவுசெய்ய அதுவே போதும். அதை நாம் தமிழ் வகுப்பில் ஏற்கெனவே கற்றுவிட்டோம். ஆங்கில வகுப்பு வரும்போது மட்டும் பையிலேயே வைத்துவிட்டுப் போகிறோம்.

பெயருக்குப் பதிலாக நிற்கும் சொல் பிரதிப்பெயர். அதில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற மூன்று இடங்களைக் குறிப்பவற்றைத் தமிழ் இலக்கணம் மூவிடப் பெயர் என்கிறது. ஆங்கிலத்தில் இந்தச் சிறு கூட்டத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. மற்றப் பெயர்ச்சொற்கள் வாக்கியத்தில் எங்கே நின்றாலும் உருமாறுவதில்லை. 'முருகன் கால்ட் ரவி' என்றால் கூப்பிட்டவர் முருகன். 'ரவி கால்ட் முருகன்' என்றால் கூப்பிட்டவர் ரவி. நிற்கும் இடம்தான் பொருளைச் சொல்கிறது. தமிழில் 'ரவியை முருகன் கூப்பிட்டார்' என்று முன்பின்னாக மாற்றினாலும் பொருள் கெடாது, உருபு காப்பாற்றிவிடும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்திலும் பெயர்ச்சொற்கள் இப்படி வேற்றுமை ஏற்றன. பிறகு அவை உதிர்ந்துபோயின. வீடு முழுவதையும் புதுப்பித்துவிட்டுப் பாட்டியின் அம்மிக்கல்லை மட்டும் எறிய மனமில்லாமல் வைத்திருப்பார்களே, அதுபோலப் பிரதிப்பெயர்களில் மட்டும் அந்தப் பழைய வழக்கம் தங்கிவிட்டது.

ஆகவே, செய்பவராக நின்றால் 'ஐ', 'ஹி', 'ஷி', 'வி', 'தே'. செயல் யாரைச் சேர்கிறதோ அவராக நின்றால் 'மீ', 'ஹிம்', 'ஹெர்', 'அஸ்', 'தெம்'. 'யூ', 'இட்' இரண்டும் எங்கே நின்றாலும் மாறாது. 'ஐ' எப்படி 'மீ' ஆகும், இரண்டுக்கும் எழுத்தளவில்கூட ஒட்டுறவு இல்லையே என்று பிள்ளைகள் கேட்பார்கள். 'நான்' எப்படி 'என்னை' ஆனது என்று திருப்பிக் கேளுங்கள். 'நானை' என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் சொல்வதில்லை.

ஓர் இடத்தில் ஆங்கிலம் நம்மைவிடச் சிக்கனம். என்னை, எனக்கு, என்னோடு, என்னிடம், என்னைப் பற்றி என்று நாம் உருபுகளையும் சொல்லுருபுகளையும் மாற்றிமாற்றிப் பூட்டுகிறோம். ஆங்கிலத்தில் 'மீ' ஒன்றே இத்தனைக்கும். முன்னால் நிற்கும் சிறு சொல் மட்டும் மாறும்: 'டு மீ', 'வித் மீ', 'ஃப்ரம் மீ', 'எபவுட் மீ'. அந்தச் சிறு சொற்களுக்குப் பின்னால் 'ஐ', 'ஹி', 'ஷி', 'வி', 'தே' வரவே வராது. தமிழில் நானுக்கு, நானோடு, நானிடம் என்று வராததுபோல.

தனியாக வரும்போது பெரும்பாலோர் தவறுவதில்லை. கூட ஓர் ஆள் சேர்ந்தவுடன்தான் தடுமாற்றம். 'மீ அண்ட் மை பிரதர் வென்ட் டு தேக்கா' என்பது கோப்பிக் கடையில் தினமும் கேட்கும் வாக்கியம். தம்பியை ஒரு நிமிடம் கடைக்கு வெளியே நிறுத்திவிட்டுப் படித்துப் பாருங்கள்: 'மீ வென்ட் டு தேக்கா'. என்னைத் தேக்காவுக்குப் போனேன்! தவறு கண்ணில் குத்தும். 'மை பிரதர் அண்ட் ஐ' என்பதே சரி. தமிழில் 'நானும் தம்பியும்' என்று நம்மை முன்னால் வைத்துச் சொல்வது இயல்பு. ஆங்கிலத்தில் மற்றவரை முதலில் சொல்லித் தன்னைக் கடைசியில் வைப்பது மரியாதை.

இதைப் படித்துவிட்டு 'அண்ட் மீ' என்பதே தவறு என்று மனத்தில் எழுதிக்கொள்பவர்கள் அடுத்த பள்ளத்தில் விழுகிறார்கள். 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று நன்றாகப் படித்தவர்களே எழுதுகிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும்தான். தமிழில் போட்டுப் பாருங்கள்: 'உனக்கும் நானுக்கும் இடையே'. 'இடையே' என்ற சொல் 'எனக்கும்' என்றுதானே கேட்கிறது? 'பிட்வீன்' அதேபோல 'மீ'யைக் கேட்கிறது. 'தி மேனேஜர் இன்வைட்டட் மை வைஃப் அண்ட் ஐ' என்பதும் இதே ரகம். மனைவியை அப்புறப்படுத்தினால் 'இன்வைட்டட் ஐ' என்று நிற்கும். இந்த வகைத் தவறு பயத்தில் பிறப்பது. திருத்தப்பட்ட பிள்ளைதான் அதிகம் செய்யும். அதனால் பிள்ளைகளிடம் 'மீ தவறு' என்று மொட்டையாகச் சொல்லாமல், எந்த இடத்தில் தவறு என்று சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

அந்தப் பயத்துக்கு இன்னொரு முகம் 'மைசெல்ஃப்'. 'ஐ'யா 'மீ'யா என்று தெரியாதபோது இரண்டுக்கும் நடுவில் பாதுகாப்பான திண்ணையாக அதில் போய் உட்கார்ந்துகொள்கிறோம். 'ப்ளீஸ் கான்டாக்ட் மிஸ்டர் டான் ஆர் மைசெல்ஃப்' என்று முடியும் மின்னஞ்சல்களை அலுவலகத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். 'மீ' என்பதே போதும். சிங்கப்பூருக்கு வந்த புதிதில் நடந்த நேர்காணல் ஒன்றில் நானே கம்பீரமாக 'மைசெல்ஃப்' என்று தொடங்கி என் பெயரைச் சொன்னேன். எதிரே இருந்தவர் புன்னகைத்தார். அது பாராட்டு என்று பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன். 'ஐ ஆம்' அல்லது 'மை நேம் இஸ்', அவ்வளவுதான். செய்பவரும் செயலைப் பெறுபவரும் ஒருவரே ஆகும்போதுதான் 'மைசெல்ஃப்' வரும்: 'ஐ கட் மைசெல்ஃப்', என்னை நானே வெட்டிக்கொண்டேன். 'நானே செய்தேன்' என்று அழுத்திச் சொல்லும்போதும் வரும்.

இதற்கு இங்கே படித்த எல்லாருக்கும் மனப்பாடமான ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. காலையில் பள்ளித் திடலில் நெஞ்சில் கைவைத்துச் சொல்லும் தேசியப் பற்றுறுதி. அப்போதைய வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் 1966இல் வரைவு எழுதிய அந்த ஒரே வாக்கியத்தில் ஒரே பிரதிப்பெயர் மூன்று வேடங்களில் வருகிறது. தொடக்கத்தில் 'வி': உறுதி எடுப்பவர் யார்? நாம். உடனே 'அவர்செல்வ்ஸ்': அந்த உறுதிக்கு யாரைக் கட்டுப்படுத்துகிறோம்? நம்மையே. முடிவில் 'அவர் நேஷன்': யாருடைய நாடு? நம்முடையது. இந்த ஆங்கில 'அவர்' தமிழ் எழுத்தில் நம் 'அவரை'ப் போலவே தோற்றமளிக்கிறது. 'ஐ'யைப் போல அதுவும் ஒரு தற்செயல், கண்டுகொள்ள வேண்டாம்.

இதுவரை தமிழ் கைகொடுத்தது. இனி அது காலை வாரிவிடும் இடம். 'எனக்கு' என்ற சொல்தான் அந்த இடம்.

எனக்குப் பசிக்கிறது. எனக்குத் தெரியும். எனக்குக் கோப்பி பிடிக்கும். எனக்கு இரண்டு பிள்ளைகள். எனக்குக் காய்ச்சல். தமிழனுக்குப் பசி என்பது வெளியிலிருந்து வந்து சேரும் விருந்தாளி. நாம் அதைச் செய்வதில்லை, அது நமக்கு நேர்கிறது. அறிவும் அப்படித்தான், விருப்பமும் அப்படித்தான், பிள்ளைகளும் அப்படித்தான். ஆங்கிலம் இவை அனைத்தையும் 'ஐ'யின் கணக்கில் எழுதிவிடுகிறது: 'ஐ ஆம் ஹங்ரி', 'ஐ நோ', 'ஐ லைக் காஃபி', 'ஐ ஹேவ் டூ சில்ட்ரன்', 'ஐ ஹேவ் எ ஃபீவர்'. ஊரிலிருந்து வந்து சில வாரங்களே ஆன தம்பிமார் 'டு மீ நோ' என்றும் 'ஃபார் மீ டூ சில்ட்ரன்' என்றும் சொல்வதற்குக் காரணம் அறியாமை அல்ல. தமிழ் உருபை அவர்கள் நேர்மையாகப் பின்பற்றுகிறார்கள்.

அப்படியானால் 'எனக்குக் கொடு' என்பதும் 'ஐ' ஆகிவிடுமா? ஆகாது, 'கிவ் மீ' தான். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அந்தச் செயலைச் செய்ய வேறோர் ஆள் இருக்கிறாரா என்று தேடுங்கள். கொடுப்பதற்கு ஒருவர் இருக்கிறார், சொல்வதற்கு ஒருவர் இருக்கிறார், அனுப்புவதற்கு ஒருவர் இருக்கிறார். அங்கே 'எனக்கு' என்றால் 'மீ'. பசிப்பதற்கும் தெரிவதற்கும் பிடிப்பதற்கும் வேறு ஆள் இல்லை. அங்கே 'எனக்கு' என்றால் 'ஐ'. 'எனக்கு அப்படித் தோன்றுகிறது' என்பதை 'இட் சீம்ஸ் டு மீ' என்று சொல்வதுபோல இந்த வழிக்கு அடங்காத சிலவும் உண்டு. அவை பழக்கத்தில் வந்துவிடும்.

அடுத்தது 'அவர்'. தமிழ் 'அவர்'.

நமக்கு 'அவன்', 'அவள்' இரண்டும் இருக்கின்றன. ஆனால் வயது வந்த ஒருவரைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் 'அவர்' என்றுதான் சொல்கிறோம். மரியாதை நுழையும்போது ஆண், பெண் என்ற வேறுபாடு வெளியேறிவிடுகிறது. ஆங்கிலத்தில் நேர் எதிர்: 'ஹி', 'ஷி' சொல்லும்போது ஆண் பெண் காட்டியாக வேண்டும், மரியாதைக்கு அதில் இடமே இல்லை. சிங்கப்பூரில் நமக்குத் துணையும் இருக்கிறது. மலாய் மொழியில் 'டியா' என்ற ஒரே சொல் அவனுக்கும் அவளுக்கும். மாண்டரினில் எழுத்து வேறுபட்டாலும் வாயில் எல்லாம் 'தா' தான். ஆகவே ஒரு மேசையில் நாலு பேர் உட்கார்ந்து ஆங்கிலம் பேசும்போது அம்மாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கிய ஒருவர் நடுவில் 'ஹி' என்று சொல்லிவிட்டால் யாரும் திடுக்கிடுவதில்லை. எழுதும்போது மட்டும் திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்பாவை 'ஹி' என்று சொல்ல மனம் கூசுபவர்களும் இருக்கிறார்கள். 'அவன்' என்று சொல்வதுபோல் அவர்கள் காதில் விழுகிறது. சிலர் மரியாதைக்காக 'தே' என்றும் சொல்லிப் பார்ப்பார்கள், 'அப்பா வந்தார்கள்' என்று சொல்லும் குடும்பங்களில் வளர்ந்தவர்கள். தேவையில்லை. பிரதமரும் 'ஹி' தான், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையும் 'ஹி' தான். மரியாதை குரலிலும் மற்றச் சொற்களிலும் இருக்கும்.

'தே' ஒருவருக்கு வருவதும் உண்டு, ஆனால் மரியாதைக்காக அல்ல. ஆணா பெண்ணா என்று தெரியாதபோது, அல்லது அது தேவைப்படாதபோது. 'சம்ஒன் லெஃப்ட் தேர் அம்ப்ரெல்லா': யாரோ ஒருவர் தம் குடையை விட்டுவிட்டுப் போய்விட்டார். ஒருமைக்கு எப்படிப் பன்மைச் சொல் வரலாம் என்று ஆங்கில இலக்கணக்காரர்கள் நெடுங்காலம் சண்டையிட்டார்கள். 14ஆம் நூற்றாண்டிலிருந்தே இந்தப் பயன்பாடு எழுத்தில் இருக்கிறது. தமிழருக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. 'அவர்' என்பதே பழந்தமிழில் பலர்பால் சொல். மரியாதைக்காக ஒருவருக்கு வந்து, அப்படியே தங்கிவிட்டது. 'அவர் வந்தார்' என்று வினையும் பலர்பால் விகுதியோடுதான் வருகிறது. அதேபோல ஒருவரைக் குறித்தாலும் 'தே ஆர்' என்றுதான் எழுத வேண்டும், 'தே இஸ்' அல்ல.

ஆண், பெண் என்ற இரண்டில் எதிலும் தம்மை அடக்க விரும்பாதவர்கள் சிலரும் 'தே'யைத் தமக்குரிய சொல்லாக எடுத்துக்கொள்கிறார்கள். 2019இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி இந்தப் பொருளையும் சேர்த்து, அந்த ஆண்டின் சொல்லாகவும் 'தே'யைத் தேர்ந்தெடுத்தது. சில மின்னஞ்சல்களில் பெயருக்குக் கீழே 'ஷி, ஹெர்' என்றோ 'தே, தெம்' என்றோ இருக்கும். ஏன் இரண்டு சொற்கள் என்று அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார். ஒன்று எழுவாய் வடிவம், மற்றது செயப்படுபொருள் வடிவம், அவ்வளவே. அவரைப் பற்றி எழுத நேர்ந்தால் அவர் கேட்டுக்கொண்ட சொல்லையே எழுதுங்கள். ஒருவர் பெயரை அவர் எழுதும் விதத்திலேயே எழுதுவதைவிட இது பெரிய வேலை ஒன்றுமில்லை.

'யூ'வின் கதையும் இதே போன்றது. முற்கால ஆங்கிலத்தில் 'நீ'க்குத் 'தௌ' என்று ஒரு சொல் இருந்தது, 'யூ' பலருக்கு. பிறகு மரியாதைக்காக ஒருவரையும் 'யூ' என்றார்கள், நாம் 'நீங்கள்' என்பதுபோல. மரியாதை பெருகிப் பெருகித் 'தௌ' வழக்கிழந்துபோனது. இன்று ஆங்கிலேயர் தம் நாய்க்குட்டியையும் 'நீங்கள்' என்றுதான் அழைக்கிறார்கள் என்று சொன்னால் பத்தாவது மாடிச் சிறுமிக்கு அடக்க முடியாத சிரிப்பு. எதிரே ஒருவர் இருந்தாலும் 'யூ ஆர்', 'யூ வேர்' என்று பன்மை வினை வருவதற்குக் காரணம் இதுதான்.

'வி' விஷயத்தில் ஆங்கிலம் நம்மைவிட ஏழை. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்', அவரை விட்டுவிட்டால் 'நாங்கள்' என்று நாம் பிரிக்கிறோம். மலாயும் பிரிக்கிறது: 'கித்தா' என்றால் நாம், 'காமி' என்றால் நாங்கள். நம் தேசிய கீதத்தின் முதல் வரியில் வருவது 'கித்தா'. பற்றுறுதியின் தமிழ் வடிவில் வருவது 'நாம்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வி' ஒன்றே. உணவு இடைவேளையில் ஒருவர் 'வி ஆர் கோயிங் ஃபார் லன்ச்' என்று சொல்லிவிட்டு எழுந்தால் நாமும் எழ வேண்டுமா, உட்கார்ந்தே இருக்க வேண்டுமா என்று அந்தச் சொல்லை வைத்து முடிவுசெய்ய முடியாது. அவர் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். 'லெட்ஸ் கோ' என்றால் ஐயமில்லை. 'லெட் அஸ்' சுருங்கி வந்த அந்தச் சொல்லில் இருக்கும் 'அஸ்' எப்போதும் நம்மையும் சேர்த்தது. சுருக்காமல் 'லெட் அஸ் கோ' என்று நிறுத்திச் சொன்னால் 'எங்களைப் போக விடுங்கள்' என்றும் பொருள்படும் என்பது வேடிக்கை.

பிரதிப்பெயரே இல்லாமல் தமிழில் நெடுநேரம் பேசலாம். 'வந்தேன், பார்த்தேன், சாப்பிட்டேன்' என்றால் வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும். ஆங்கில வினை அப்படிக் காட்டாது. ஆகவே எழுவாயின் நாற்காலியில் யாராவது உட்கார்ந்தே ஆக வேண்டும். ஆளே இல்லையென்றால் 'இட்'டைப் பிடித்து உட்காரவைப்பார்கள்: 'இட் இஸ் ரெய்னிங்', 'இட் இஸ் ஃபைவ் ஓ கிளாக்'. பெய்வது எது என்று தேட வேண்டாம். சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்தில் இந்த நாற்காலி அடிக்கடி காலியாகக் கிடக்கும். 'ஆல்ரெடி ஈட்', 'கேன்' என்றால் எல்லாருக்கும் புரிந்துவிடும். கோப்பிக் கடையில் அதில் எந்தக் குறையும் இல்லை என்பது என் கட்சி. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வுத் தாளில் மட்டும் மதிப்பெண் போகும். இதற்கு எதிரான தவறு, ஒரே நாற்காலியில் இருவரை உட்காரவைப்பது: 'மை மதர் ஷி இஸ் எ நர்ஸ்'. அம்மா உட்கார்ந்துவிட்டார், 'ஷி' எழுந்துகொள்ளலாம்.

உடைமைச் சொற்களில் அதிகத் தொல்லை இல்லை. 'என் குடை' என்றால் 'மை', 'குடை என்னுடையது' என்றால் 'மைன்'. 'ஹெர்' மட்டும் அவளை, அவளுடைய என்று இரண்டு வேலை பார்க்கும். 'இட்' என்பதன் உடைமை வடிவத்தில் மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) போடக் கூடாது. குறி போட்டால் 'இட் இஸ்' என்று ஆகிவிடும். இதை மறந்து எழுதிய அறிவிப்புப் பலகைகளை மின்தூக்கிக்குள்ளேயே பார்க்கலாம்.

ஒப்பிடும்போது வரும் 'தேன்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'ஐ'யா 'மீ'யா என்பதில் ஆங்கிலேயர்களுக்கே ஒத்த கருத்து இல்லை. பேச்சில் 'டாலர் தேன் மீ' (என்னைவிட உயரம்) என்பார்கள். பழைய ஆசிரியர்கள் 'தேன் ஐ' என்பார்கள். தேர்வில் 'தேன் ஐ ஆம்' என்று முழுதாக எழுதிவிட்டால் யாராலும் குறைசொல்ல முடியாது. பொருளே மாறிவிடும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். 'ஷி லைக்ஸ் டுரியான் மோர் தேன் ஐ டு' என்றால் என்னைவிட அவள்தான் டுரியான் பிரியை. 'மோர் தேன் மீ' என்று எழுதினால், என்னையும் டுரியானையும் எதிரெதிரே நிறுத்தி அவள் டுரியானைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகவும் படிக்கலாம். இங்கே தமிழும் உதவாது. 'அவளுக்கு என்னைவிட டுரியான் பிடிக்கும்' என்றாலும் அதே குழப்பம்தான்.

கதவைத் தட்டும்போது 'யார்?' என்று கேட்டால் தமிழில் 'நான்தான்'. அந்தக் கணக்கில் ஆங்கிலத்தில் 'இட் இஸ் ஐ' என்றுதான் வர வேண்டும். பழைய இலக்கணப் புத்தகங்களும் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் இன்று யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'இட்ஸ் மீ' என்பதே வழக்கு, அதுவே இயல்பு. இதை விளக்கிய மறுவாரம் மணி அடித்தது. யார் என்று கேட்டேன்.

"இட் இஸ் ஐ, அங்கிள். இரண்டாம் வேற்றுமை இல்லை."